பன்சனின் வலது கண்

பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு பன்சன் பர்னரைத் தெரியும். கனத்த இரும்பு அடிப்பாகம், நிமிர்ந்து நிற்கும் உலோகக் குழாய், குழாயின் அடியில் காற்றுத் துளையைத் திறந்து மூட ஒரு வளையம், பக்கவாட்டில் எரிவாயு வரும் ரப்பர் குழாய். அந்த அடுப்பின் முன்னால் நிற்கும் மாணவர்களிடம் பன்சன் என்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அடுப்பைச் செய்து விற்கும் நிறுவனத்தின் பெயர் என்று நினைத்திருந்தவர்களும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன் நான். அந்த மௌனத்தை நிரப்புவது என் கடமை என்று எண்ணி, ஒவ்வோர் ஆண்டும் முதல் செய்முறை வகுப்பில் அவருடைய கதையைச் சொல்வேன். ஜெர்மானிய விஞ்ஞானி, ஆய்வகத்தில் வெடிவிபத்து, ஒரு கண்ணின் பார்வை போயிற்று, ஆயினும் அவர் ஆய்வை விடவில்லை. என் ஆசிரியர் எனக்குச் சொன்ன கதை அது. நானும் அதே சொற்களில், அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லி வந்தேன். கதை முடிந்ததும் வகுப்பில் ஓர் அமைதி நிலவும். அந்த அமைதி எனக்குப் பெருமிதமாக இருந்தது.

கதையில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை நான் சொன்ன விதம் பிழையானது என்பதை ஒரு மாணவனின் கண்ணைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பன்சன்.

ராபர்ட் வில்ஹெல்ம் பன்சன் 1811-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். நான்கு மகன்களில் இளையவர். தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்தின் நூலகர், மொழியியல் பேராசிரியரும்கூட. புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, அதே பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரோமேயரிடம் வேதியியல் பயின்றார். காட்மியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தவர் அந்த ஸ்ட்ரோமேயர். இருபது வயதை ஒட்டி முனைவர் பட்டம் பெற்ற பன்சன், அடுத்த சில ஆண்டுகளை ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு என்று பயணத்தில் கழித்தார். தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் பார்த்தார். பாரிசில் கே-லுசாக்கின் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஊர் திரும்பி கோட்டிங்கனில் விரிவுரையாளரானபோது அவர் கையில் எடுத்த பொருள் ஆர்சனிக்.

நம் ஊரில் பாஷாணம் என்று சொன்னாலே போதும், அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் அப்படித்தான். வெள்ளைப் பாஷாணம் எலி மருந்தாகவும் சாயப் பொருளாகவும் எளிதில் கிடைத்தது. மணமில்லை, பெரிதாகச் சுவையும் இல்லை. சொத்துக்காக உறவினரைக் கொல்பவர்கள் அதைத் தேடிச் சென்றார்கள். பன்சன் எந்தெந்த உலோக உப்புகள் ஆர்சனிக்கைக் கரையாத வடிவில் பிடித்து வைக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். புதிதாக வீழ்படிவாக்கிய இரும்பு ஹைட்ராக்சைடு அந்த வேலையைச் செவ்வனே செய்வதைக் கண்டார். நஞ்சு உண்டவருக்கு உடனே அந்தப் பழுப்பு நிறக் குழம்பைக் கொடுத்தால், வயிற்றில் உள்ள ஆர்சனிக் அதனோடு பிணைந்து உடலில் ஏறாமல் நின்றுவிடும். மருத்துவர் பெர்தோல்டுடன் சேர்ந்து 1834-இல் இதை வெளியிட்டார். அதன் பின்னர் நெடுங்காலம் ஐரோப்பிய மருந்தகங்களில் இடம்பெற்ற மாற்று மருந்து அது. இருபத்துமூன்று வயதில் ஒருவர் செய்த முதல் பெரிய பணி, நஞ்சிலிருந்து உயிரைக் காப்பது பற்றியது. எங்கள் ஆசிரியர் சொன்ன கதையில் இது இடம்பெறவே இல்லை.

1836-இல் காசல் நகரத் தொழிற்கல்விக் கூடத்தில் பன்சனுக்கு வேலை கிடைத்தது. யூரியாவைச் செயற்கையாக உருவாக்கிய வோலர் விட்டுச் சென்ற இடம் அது. அங்கேதான் அவர் காகோடைல் சேர்மங்களைத் தொட்டார்.

இவற்றின் வரலாறு சற்று விசித்திரமானது. 18-ஆம் நூற்றாண்டில் கடே என்ற பிரெஞ்சு மருந்தாளர், கண்ணுக்குத் தெரியாத மை தயாரிக்க முயன்றபோது தற்செயலாகப் புகையும் நீர்மம் ஒன்றைப் பெற்றார். காற்றுப் பட்டால் புகையும், சில நேரம் தானே பற்றி எரியும், சகிக்க முடியாத நாற்றம் வீசும். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதைப் பெரும்பாலானோர் நெருங்கவில்லை. நெருங்காததற்குக் காரணம் இருந்தது: அது ஆர்சனிக் நிறைந்த நீர்மம். பன்சன் அதை எடுத்துப் பிரித்து, அதிலிருந்து ஒரு வரிசைச் சேர்மங்களை உருவாக்கினார். அவற்றின் நாற்றத்தை வைத்து, கெட்ட வாடை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து காகோடைல் என்ற பெயரைச் சூட்டியவர் சுவீடனின் பெர்சீலியஸ். கரிம வேதியியலின் தொடக்க காலம் அது. அணுக்களின் ஒரு தொகுதி, ஒரே தனிமம்போல, ஒரு சேர்மத்திலிருந்து மற்றொன்றுக்குக் கலையாமல் மாறிச் செல்ல முடியுமா என்ற கேள்வி அன்று எல்லோரையும் அலைக்கழித்தது. பன்சனின் காகோடைல் அதற்கு வலுவான சான்று ஒன்றைத் தந்தது. ஆகவே, வீம்புக்காக அவர் அந்த நஞ்சோடு மல்லுக்கட்டினார் என்று சொல்ல முடியாது.

எச்சரிக்கையின்றி அவர் இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆவியை முகர்ந்தால் கைகால்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு தோன்றுவதையும், தலை சுற்றி உணர்விழப்பு ஏற்படுவதையும், நாக்கில் கரும்படலம் படிவதையும் அவரே பதிவு செய்தார். இந்தப் பதிவுகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் மனம் கலங்குகிறது. அது அவருடைய நாக்குதான். மிகக் கொடிய சேர்மமான காகோடைல் சயனைடைக் கையாளும்போது திறந்த வெளியில் வேலை செய்தார். வாயில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் தூய காற்று வரும் இடத்தில் வைத்து, அதன் வழியே மூச்சு விட்டார். இன்று தொழிற்சாலைகளில் முகமூடியோடு இணைந்த காற்றுக் குழாயை அணிந்து தொட்டிக்குள் இறங்குகிறார்களே, அதன் மூதாதை அந்தக் கண்ணாடிக் குழாய். கடையில் வாங்க எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் தன் மூச்சைக் காக்கத் தானே கருவி செய்துகொண்டார்.

மூச்சைக் காத்தவர் கண்ணைக் காக்கவில்லை. காகோடைல் சயனைடு இருந்த கலம் ஒரு நாள் வெடித்தது. கண்ணாடிச் சில்லு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. ஆர்சனிக் நச்சேறி உயிருக்கே ஆபத்தான நிலையில் பல நாட்கள் கிடந்தார். உயிர் மீண்டது, வலது கண்ணின் பார்வை திரும்பவில்லை. அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தைக்கூடத் தாண்டாத இளைஞர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆர்சனிக்குக்கு மாற்று மருந்து கண்டவரே ஆர்சனிக்கால் வீழ்ந்து கிடந்தார்.

இங்கேதான் என் கதையில் ஒரு நிறுத்தம் வரும். பிறகு குரலை உயர்த்தி, அவர் ஆய்வை விடவில்லை என்பேன். உண்மையில் பன்சன் அந்த ஆய்வை விட்டுவிட்டார். காகோடைல் தொடரை எழுதி முடித்து வெளியிட்டபின் கரிம வேதியியலையே கைவிட்டார். தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கனிமப் பொருள்கள், வாயுக்கள், ஒளி, வெப்பம் ஆகியவற்றோடுதான் வேலை செய்தார். நான் மாணவர்களிடம் சொல்லத் தவறிய பாதி இதுதான். ஒரு பாதை தன்னைக் கொன்றுவிடும் என்று அறிந்து விலகுவதும் ஆய்வாளனுக்கு உரிய அறிவு என்பதை, ஒரு பேராசிரியனாக நான் ஏன் மறைத்தேன்? கதைக்கு அது சுவை சேர்க்காது என்று நினைத்திருப்பேன்.

என் கண்ணைத் திறந்த நிகழ்வுக்கு வருகிறேன். நான் பணியாற்றிய கல்லூரிகளுள் ஒன்றில், ஒரு ஜூலை மாதம், முதலாமாண்டு மாணவர்களுக்கு வழக்கம்போல் பன்சன் கதையைச் சொல்லிவிட்டு உப்புப் பகுப்பாய்வைத் தொடங்கி வைத்தேன். அரை மணி நேரத்துக்குள் மூன்றாவது மேசையிலிருந்து அலறல். ஒரு மாணவன் சோதனைக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சூடாக்கியிருக்கிறான். குழாயின் வாய் அவன் முகத்தைப் பார்த்து இருந்திருக்கிறது. அடியில் சூடேறிய கரைசல் பொங்கித் தெறித்து இடது கண்ணில் விழுந்துவிட்டது. காரம் அமிலத்தைவிடக் கண்ணுக்குக் கொடியது. அமிலம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே திசுவை உறையச் செய்து தனக்குத் தானே தடுப்பிட்டுக்கொள்ளும், காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆய்வக உதவியாளர் அவனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்து, அவன் துடிக்கத் துடிக்க இருபது நிமிடங்கள் தண்ணீரை ஓடவிட்டார். எனக்கு அப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிப் படிப்பைத் தாண்டாத அந்த உதவியாளருக்குத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. மருத்துவமனையில் கண் பிழைத்தது. கருவிழியின் ஓரத்தில் சிறிய வெண்தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்தன. நாற்பது கண்ணாடிகள், அட்டைப் பெட்டியோடு, பண்டக அறை அலமாரியில், பூட்டி. இருப்புப் பதிவேட்டில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தோம். தணிக்கையின்போது எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக அவற்றை வெளியே எடுப்பதில்லை. அன்று காலை கண் இழந்த விஞ்ஞானியின் தியாகத்தைப் பற்றிப் பேசிய எனக்கு, அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

பன்சனிடம் திரும்புவோம். 1839-இல் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அந்த ஆண்டுகளில் இரும்பு உருக்கும் ஊதுலைகளின் வாயுக்களை ஆராய்ந்தார். மரக்கரியால் எரியும் ஜெர்மானிய உலைகளில் பாதிக்கு மேற்பட்ட வெப்பம் வீணாகப் புகைபோக்கி வழியே போவதைக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் லயன் பிளேஃபேருடன் இங்கிலாந்தின் டெர்பிஷையர் உலைகளை ஆராய்ந்தபோது, அங்கே இழப்பு எண்பது விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. உலைக்குள் சயனைடு உருவாவதையும் அப்போது கண்டார்கள். கார்பன் மோனாக்சைடும் சயனைடும் கலந்த வாயுவை, எரியும் உலையின் உள்ளே குழாய் செலுத்தி எடுப்பது எத்தகைய வேலை என்று சொல்லத் தேவையில்லை. கரிம வேதியியலை விட்டாலும் ஆபத்து அவரை விடவில்லை. 1846-இல் ஐஸ்லாந்துக்குச் சென்று, கொதிநீர் ஊற்றான கெய்சிரின் வாய்க்குள், அது பீறிடுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு வரை வெப்பமானிகளை இறக்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையை அளந்தார். ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அது சற்றே மேலே தள்ளப்பட்டால் அழுத்தம் குறைந்து திடீரெனக் கொதித்துப் பீறிடுகிறது என்று விளக்கினார். அந்த மாணவனின் சோதனைக் குழாயில் நடந்ததற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. அடியில் அளவுக்கு மீறிச் சூடேறிய நீர்மம் ஒரே மூச்சில் ஆவியாகித் தன் மேலுள்ளதைத் தூக்கி எறிகிறது.

பிரெஸ்லாவில் ஓராண்டு. அங்கே கிர்க்காஃப் என்ற இளம் இயற்பியலாளரின் நட்பு கிடைத்தது. 1852-இல் ஹைடல்பர்க். அங்கே பழைய ஆய்வகம் ஒரு கிறித்துவ மடத்தின் பாழடைந்த கட்டடத்தில் இருந்தது. பன்சனுக்காக அரசு புதிய ஆய்வகம் ஒன்றைக் கட்டித் தந்தது. 1855-இல் அது திறக்கப்பட்டது. நகருக்கு அப்போதுதான் எரிவாயு வந்திருந்தது. தெரு விளக்குக்கு வந்த வாயுவை ஆய்வக மேசைக்குக் கொண்டுவர விரும்பினார் பன்சன். ஏற்கெனவே இருந்த வாயு அடுப்புகள் புகைந்தன, கரி படியவைத்தன, சுடர் நடுங்கியது. எரிவதற்கு முன்பே வாயுவோடு காற்றைச் சரியான அளவில் கலந்துவிட வேண்டும் என்பது பன்சனின் யோசனை. அதை உலோகத்தில் வடித்தவர் பல்கலைக்கழகத்தின் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா. அடுப்புக்குப் பன்சன் காப்புரிமை பெறவில்லை. டெசாகாவின் பெயரை இன்று எந்த மாணவரும் எழுதுவதில்லை. ஆய்வக உதவியாளர்களின் தலைவிதி அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது போலும்.

அந்த அடுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காற்றுத் துளையை முழுதும் திறந்தால் கிடைக்கும் சுடரே மிகச் சூடானது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது. எரியவில்லை என்று நினைத்துக் கையை நீட்டியவர்களை, முன்னால் சரிந்த தலைமுடியைப் பொசுக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாதபோது துளையை மூடி மஞ்சள் சுடராக வைத்திருப்பதே முறை. காற்று மிகுந்து வாயு குறைந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கி அடியிலேயே எரியத் தொடங்கும். குழாய் பழுக்கக் காய்ந்துவிடும், ரப்பர் உருகும். அந்த நேரத்தில் அடுப்பைக் கையால் தொடாமல் வாயுவை நிறுத்துவதுதான் செய்யத்தக்கது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை.

பன்சனுக்கு அந்த நிறமற்ற சுடர் தேவைப்பட்டது வேறொன்றுக்காக. உப்புகள் சுடருக்குத் தரும் நிறங்களைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காண முயன்றார். சுடருக்கே நிறம் இருந்தால் அது இயலாது. பல நிறங்கள் கலந்தால் என்ன செய்வது என்று அவர் திணறியபோது, ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்க்கலாமே என்று கிர்க்காஃப் சொன்னார். 1859-இல் இருவரும் தொடங்கிய நிறமாலை ஆய்வு வேதியியலின் போக்கையே மாற்றியது. டுர்க்ஹைம் ஊற்றின் கனிம நீரைச் சுமார் 44 டன் அளவுக்கு ஆவியாக்கி, அதிலிருந்து சில கிராம் உப்பைப் பிரித்தெடுத்து, இரண்டு நீல வரிகளைக் கண்டு சீசியம் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே செந்நிற வரிகளால் ருபீடியம். ஒரு நாள் இரவு தொலைவில் மன்ஹைம் நகரில் தீப்பிடித்து எரிந்தபோது, ஹைடல்பர்க்கில் ஜன்னல் அருகே நின்றபடியே அந்தத் தீயின் ஒளியில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருப்பதைக் கண்டார்கள். இவ்வளவு தூரத்துத் தீயைப் படிக்க முடியுமானால் சூரியனைப் படிக்க முடியாதா? 1868 ஆகஸ்டில் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முழு சூரிய கிரகணத்தை நிறமாலைமானியால் பார்த்த ஜான்சென் உள்ளிட்டோரின் ஆய்வுகள் ஹீலியத்தைக் கண்டறிய வழிவகுத்தன. இந்தக் கண்டுபிடிப்புகள் நடந்த காலமெல்லாம் பன்சனின் ஒற்றைக் கண்ணே நிறமாலைமானியின் குழாயில் பதிந்திருந்தது.

அவருடைய பழைய பகை ஹைடல்பர்க்கிலும் தலைகாட்டியது; ஆனால் அடுத்த தலைமுறையின்மேல். பன்சனின் ஆய்வகத்தில் பயின்ற அடால்ஃப் பேயர், அதே ஊரில் கெக்குலே வாடகை வீட்டில் நடத்திய சிறு ஆய்வகத்துக்குச் சென்று காகோடைல் சேர்மங்களைக் கையில் எடுத்தார். ஒரு நாள் நச்சாவியைச் சுவாசித்து விழுந்து கிடந்தவரை கெக்குலே கண்டு மீட்டார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெறவிருந்த ஒருவரின் வாழ்க்கை ஒரு சிறு அறையின் தரையில் முடிந்திருக்கக்கூடும். இரண்டாவது ஒருவர் அருகில் இருந்ததால் முடியவில்லை. தனியாக ஆய்வகத்தில் வேலை செய்யாதே என்று நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

மாணவர்கள் பன்சனை நேசித்தார்கள். உயரமான, அகன்ற தோள்கள் கொண்ட, மென்மையாகப் பேசும் மனிதர். திருமணம் செய்துகொள்ளவில்லை. காலை முதல் மாலை வரை ஆய்வகத்தில் மாணவர்களின் மேசைகளுக்கிடையே நடந்துகொண்டிருப்பார். கண்ணாடியை ஊதி வளைப்பதில் வல்லவர். அவருடைய விரல்கள் காய்ந்து காய்ந்து தடித்துப்போனவை. சூடான மூசையின் மூடியை இடுக்கி இல்லாமலே எடுப்பார். அதைப் பார்த்து மாணவர்கள் வியந்ததாகவும் அது கருகும் வாடையைப் பற்றிக் கேலி பேசியதாகவும் கதைகள் உண்டு. நானும் அந்தக் கதைகளை ரசித்தவன்தான். இப்போது ரசிக்க முடியவில்லை. ஆசிரியர் வெறுங்கையால் எடுத்தால் மாணவனும் வெறுங்கையால் எடுப்பான். வாயால் பிப்பெட்டை உறிஞ்சக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அவசரத்துக்கு வாயால் உறிஞ்சிய ஆசிரியர்களின் வழியில் வந்தவன் நான். என் மாணவர்கள் எதைப் பின்பற்றினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

1869-இல் மீண்டும் ஒரு வெடிப்பு. பன்சனுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. ரோடியம், இரிடியம் ஆகிய உலோகங்களை மிக நுண்ணிய பொடியாகப் பிரித்தெடுத்து உலர்த்திக்கொண்டிருந்தார். பார்ப்பதற்குச் சாதுவான கரும்பொடி. பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் இத்தகைய நுண்பொடியாக இருக்கும்போது வாயுக்களைத் தம்முள் செறித்து வைத்துக்கொள்ளும். சிறு தூண்டுதல் போதும். பன்சன் அதை விரலால் தொட்டபோது அது வெடித்துத் தீப்பிழம்பாக எழுந்தது. கையும் முகமும் வெந்தன. புருவமும் இமைமயிரும் பொசுங்கின. ஆனால் எஞ்சியிருந்த அந்த ஒரு கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இம்முறை பொடியைத் தொட்டுக்கொண்டிருந்த அவருடைய இடது கையே தீயை மறைத்துக் கண்ணைக் காத்தது.

என் மாணவனின் விபத்துக்குப் பிறகுதான் பன்சனைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போதுதான் இந்த இரண்டாம் வெடிப்பு எனக்குத் தெரிய வந்தது. முதல் வெடிப்பைப் பற்றி எழுதியவர்களில் பலர் இரண்டாவதைப் பற்றி எழுதாததன் காரணம் விளங்காமல் இல்லை. ஒரு கண் போவது கதை. ஒரு கண் பிழைப்பதில் என்ன கதை இருக்கிறது? எல்லாம் நடந்த பிறகும் மனிதர் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை முதல் செய்முறை வகுப்பில் 1869-இல் இருந்தே தொடங்கினேன். நாற்பது கண்ணாடிகளில் பதினொன்று அடுத்த இரண்டு ஆண்டுகளில் உடைந்தும் தொலைந்தும் போயின. பதிவேட்டில் ஏன் குறைகிறது என்று தணிக்கைக்காரர் கேட்டார். உபயோகிக்கப்பட்டதால் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் பணிக்காலத்தில் நான் இட்ட கையொப்பங்களில் மனநிறைவு தந்தவை சிலவே. அது அவற்றுள் ஒன்று.

பன்சனின் வாழ்வில் மற்றொரு விபத்தும் உண்டு. அதில் நஞ்சும் இல்லை, வெடிப்பும் இல்லை. 1870-களின் நடுவில், அரிய மண் தனிமங்களின் நிறமாலைகளைப் பற்றிப் பல காலம் உழைத்து ஒரு நீண்ட கட்டுரையை எழுதி முடித்திருந்தார். அளவீடுகள், வரைபடங்கள், எல்லாம் மேசைமேல். உணவுக்குச் சென்று திரும்பியபோது அவை சாம்பலாகியிருந்தன. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குடுவை, ஜன்னல் வழியே வந்த வெயிலை உருப்பெருக்கிபோலக் குவித்துத் தாள்களைப் பற்றவைத்துவிட்டது. ஒளியைப் பிரித்துத் தனிமங்களைக் கண்டவரின் உழைப்பை அதே ஒளி குவிந்து எரித்துவிட்டது. ஆய்வகத்தில் ஆபத்தான பொருள்களுக்கு மட்டும் சிவப்பு முத்திரை ஒட்டுகிறோம். ஜன்னலோரத்தில் இருக்கும் தண்ணீர்க் குடுவைக்கு யார் ஒட்டுவார்கள்? பன்சன் சில நாட்கள் மனம் உடைந்திருந்தார். பிறகு அளவீடுகளை முதலிலிருந்து மீண்டும் எடுத்து, கட்டுரையை மறுபடி எழுதி, 1875-இல் வெளியிட்டார். விடாமுயற்சிக்கு மாணவர்களிடம் கதை சொல்ல வேண்டுமானால் கண் இழந்த கதையைவிட இதையே சொல்வேன்.

1889-இல், எழுபத்தெட்டு வயதில், பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு விக்டர் மேயர் வந்தார். ஓய்வுக்குப் பிறகு பன்சன் வேதியியலை அதிகம் தொடவில்லை; பழைய விருப்பமான புவியியலில் மனத்தைச் செலுத்தினார். ஹைடல்பர்க்கைச் சுற்றியுள்ள மலைகளில் நடந்தார். கால்கள் தளர்ந்தபின் வண்டியில் சென்றார். நண்பர் கிர்க்காஃப் ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டிருந்தார். 1899 ஆகஸ்டு 16 அன்று பன்சன் காலமானார். வயது எண்பத்தெட்டு. நாக்கில் ஆர்சனிக்கின் கரும்படலம் படிந்த ஒருவருக்கு அது நீண்ட ஆயுள்தான். ஹைடல்பர்க்கின் மலைச்சரிவுக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.